மெஸ் ஹால் பீமில் ஒரு சாய்ந்த விரிசல்: விடுதித் துணைக் காப்பாளருக்குப் பதில்

வாசகரின் கடிதம், சுருக்கமாக

கடலோர மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறார் இந்த வாசகர். இரண்டு ஆண்டுகளாக மாணவர் விடுதியின் துணைக் காப்பாளர் பொறுப்பும் அவரிடம்தான். விடுதி கல்லூரிக்குச் சொந்தமானது. 1986இல் கட்டிய மூன்று தளக் கட்டடம், 140 மாணவர்கள் தங்குகிறார்கள்.

சென்ற மாதம் ஒரு நாள் இரவு எட்டு மணி. பையன்கள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், முதல் மாடி அறை ஒன்றின் கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து நேராகக் கட்டில் மேல் விழுந்திருக்கிறது. தலையணை இருந்த இடம். மூன்றாம் நாளே கொத்தனார் வந்து பூசி, பெயின்ட்டும் அடித்தாகிவிட்டது. நிர்வாகத்துக்குத் தெரிந்த ஒரு பொறியாளர் வந்து, சுத்தி போன்ற ஒரு கருவியால் அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, ‘கான்கிரீட் எம் 25க்கு மேல் உள்ளது, கட்டடம் உறுதியாக இருக்கிறது’ என்று சான்று கொடுத்துவிட்டார் (எம் 25 என்பது கான்கிரீட்டின் வலிமைத் தரம்). இப்போது ‘பழுது முழுமையாகச் சரிசெய்யப்பட்டது, மாணவர்கள் தங்கத் தகுந்தது’ என்ற அறிக்கையில் துணைக் காப்பாளரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள். வீடியோ எடுத்த மாணவனை அழைத்து அதை அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சக ஆசிரியர் ஒருவர், முப்பது வருடம் தாண்டிய கட்டடத்தை இடித்துத்தான் ஆக வேண்டும் என்கிறார். விடுதியை மூடச் சொல்ல வேண்டுமா, கையெழுத்துப் போடலாமா, பெயர் போடாமல் மேலே புகார் எழுதினால் என்ன என்று கேட்கிறார். நான்கு புகைப்படங்களும் அனுப்பியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள பேராசிரியருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை கட்டிலில் விழுந்த பாளம்தான் மனதில் நின்றது. இரண்டாம் தடவை, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. ‘மெஸ் ஹாலில் ஒரு பீமிலும் தூண் பக்கமாகச் சாய்வாக ஒரு கீறல் உண்டு, நான் வந்த நாளிலிருந்து இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி நீங்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பீமின் நடுப்பகுதியில், அடிப்பக்கத்தில், செங்குத்தாக மயிரிழை போலத் தெரியும் விரிசல் எத்தனையோ கட்டடங்களில் இருக்கும். கான்கிரீட்டுக்கு இழுவையைத் தாங்கும் சக்தி குறைவு. அந்த வேலையைக் கம்பி பார்த்துக்கொள்ளும். மெல்லிய விரிசல் வரும் என்பது டிசைன் போடும்போதே எதிர்பார்ப்பதுதான். தூணை ஒட்டி, பீமின் முனையில், கிட்டத்தட்ட நாற்பத்தைந்து டிகிரியில் சாய்ந்து ஏறும் விரிசலை அப்படி விட முடியாது. அது வெட்டுவிசையால், அதாவது பீமைக் குறுக்கே அறுப்பது போலச் செயல்படும் விசையால், வருவது. வளைந்து தோற்கும் பீம் முதலில் தொய்யும், மேலே தரை ஓடு பிளக்கும், கதவு இறுகும், நமக்கு நாள் கொடுக்கும். வெட்டுவிசையில் தோற்கும் பீம் பெரும்பாலும் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை.

உங்கள் பீம் இன்றைக்கே விழப்போகிறது என்று நான் சொல்லவில்லை. அந்த பீமின் படம்கூட இல்லாமல் அப்படிச் சொல்வது தவறு. பழைய பூச்சு மட்டும் கீறியிருக்கலாம். ஆனால் அதே பத்தியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். மெஸ்ஸுக்கு நேர் மேலே இருந்த படிப்பறையில் இப்போது பழைய விடைத்தாள் கட்டுகளும் உடைந்த இரும்புக் கட்டில்களும் அடுக்கியிருக்கிறார்கள் என்கிறீர்கள். விடுதி அறைக்கு, ஆள், கட்டில், மேசை எல்லாம் சேர்த்து, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை என்றுதான் நம் விதிநூல் கணக்கிடச் சொல்கிறது. பொருள் அடுக்கும் அறைக்கு அதே நூல் 500 கிலோ என்கிறது. விடைத்தாளை ஒரு மீட்டர் உயரம் அடுக்கினால் சதுர மீட்டருக்கு அரை டன்னுக்குக் குறையாது. ஆக, படிப்பதற்காகக் கட்டிய தளம் இப்போது கிடங்கின் பாரத்தைச் சுமக்கிறது. அதற்குக் கீழே, மூன்று வேளையும், 140 பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

ஆகவே நாளைக் காலையில் முதல் வேலை அதுதான். இதற்கு டெண்டர் வேண்டாம், கமிட்டி வேண்டாம். கட்டுகளையும் கட்டில்களையும் இறக்குங்கள். இறக்கியதை வராந்தாவில் அடுக்காமல் தரைத்தளத்துக்கே கொண்டுபோய்விடுங்கள். அந்த பீமுக்குக் கீழே இருக்கும் மேசைகளை எடுத்துவிட்டு, அந்தப் பகுதியைக் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள். பையன்கள் இரண்டு பந்தியாகச் சாப்பிடட்டும். பிறகு, ஒரு ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் நேரில் நின்று சொல்கிற இடத்தில், இரும்பு ஜாக்கி வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு பீமைத் தொட்டு நின்றால் போதும். இறுக்கித் தூக்கினால் அதுவே புது விரிசலை உண்டாக்கும். கொத்தனாரை வைத்து நீங்களாகச் செய்துவிடாதீர்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

விழுந்தது வெறும் பூச்சா?

‘பூச்சுதானே சார், எல்லா வீட்டிலும் விழுவதுதான்’ என்று செயலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். வழுவழுப்பான கூரை அடியில் கொத்திவிடாமல் பூசிய பூச்சு, உள்ளே எந்தக் கேடும் இல்லாமலே தட்டையாகப் பெயர்ந்து விழும். அப்படி விழுந்த இடத்தில் மேலே பார்த்தால் கான்கிரீட் முழுசாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். கம்பி தெரியாது.

உங்கள் மூன்றாவது படத்தில் கம்பி தெரிகிறது. அதுவும் செங்கல் நிறத்தில், செதில் விட்டு. விழுந்த பாளத்தின் அடிப்பக்கத்தில் கம்பி பதிந்திருந்த வரி, துரு ஒட்டியபடி, அச்சு எடுத்தது போல இருக்கிறது. கூரையில் இருந்த கான்கிரீட்தான் இப்படி விழும், பூச்சு விழுந்தால் இந்த அச்சு இருக்காது.

ஏன் இப்படி ஆகிறது? நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம். அந்தக் காரம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி, காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடும். கடலோரம் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். 1980களில் சில இடங்களில் உப்புக் கிணற்றுத் தண்ணீரிலேயே கலவை போட்டதும் உண்டு. கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் கவர், அந்தக் காலத்து விதிப்படி கூரைத் தளத்துக்கு 15 மி.மீ. இருந்தால் போதும். இன்றைய கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456, கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. கேட்கிறது. போதாததற்கு, அந்தக் காலகட்டத்தில் எல்லாரும் போட்டது முறுக்குக் கம்பி. அது இன்றைய டிஎம்டி கம்பியைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் இல்லாததால் கவரை வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளலில்தான் பாளம் கட்டிலில் விழுந்தது.

கொத்தனார் பூசியது நிற்காது என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம். துருப்பிடித்த கம்பி மேல் சிமென்ட் பூசினால் துரு நின்றுவிடாது. விரிசல் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும், அவ்வளவுதான். பல வருடங்களுக்கு முன், டெல்டா பக்கம் ஒரு விடுதியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மூன்று முறை பூசிய இடம். பூச்சைத் தட்டி எடுத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் கம்பியைச் சுரண்டினேன். பழைய புத்தகத்தின் தாள் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது. துருவை நீக்கி அளந்தால், 10 மி.மீ. கம்பி 8 மி.மீ. ஆகியிருந்தது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று அங்கே கேட்டார்கள். விட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் குறுக்குப் பரப்பில் 36 சதவீதம் போய்விடும். கம்பியின் பலம் அந்தப் பரப்பில்தான் இருக்கிறது. அந்த அறையில் அன்று இரவும் நான்கு பையன்கள் படுத்திருந்தார்கள் என்பதை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்தச் சான்றிதழை எவ்வளவு நம்பலாம்?

அந்தப் பொறியாளர் வேண்டுமென்றே தவறாக எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் பயன்படுத்திய ரீபவுண்ட் ஹாமர், கான்கிரீட்டின் மேல்தோல் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். கரியமில வாயு இறங்கிய பழைய கான்கிரீட்டின் மேல்தோல் இறுகிப்போயிருக்கும். அங்கே இந்தக் கருவி உண்மையான வலிமையைவிட 50 சதவீதம் வரை கூட்டிக் காட்டக்கூடும் என்று நம் தர நிர்ணய நூலே எச்சரிக்கிறது. எந்தக் கேட்டால் கம்பி துருப்பிடிக்கிறதோ, அதே கேடு இந்தக் கருவியில் நல்ல எண்ணாகத் தெரியும். கம்பியின் நிலை, உப்பின் அளவு, மெஸ் பீமின் விரிசல் எதையும் அது சொல்லவே சொல்லாது.

‘சான்று இருக்கிறது, ஆகவே பொறுப்பு அவருடையது’ என்று நீங்கள் எழுதியிருப்பதையும் மெதுவாக மறுக்க வேண்டியிருக்கிறது. சான்று கையில் இருப்பதால் நீங்கள் கண்ணால் கண்டது இல்லாமல் போய்விடாது. பாளம் விழுந்ததை நீங்கள் பார்த்தீர்கள், படமும் எடுத்திருக்கிறீர்கள். நாளை யாராவது விசாரித்தால் முதல் கேள்வி, ‘உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா’ என்பதாகத்தான் இருக்கும்.

முப்பது வருடம் ஆனால் இடிக்க வேண்டுமா?

வேண்டாம். இந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மும்பை மாநகராட்சிச் சட்டத்தில், முப்பது வருடம் தாண்டிய கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை செய்து சான்று தர வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது சோதிக்கச் சொல்கிறது, இடிக்கச் சொல்லவில்லை. வயதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைக் கொன்ற பதினொரு மாடிக் கட்டடத்தில் ஒருவர்கூடக் குடியேறவில்லை. கட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. இன்னொரு பக்கம், நூறு வருடம் தாண்டிய எத்தனையோ கல்லூரிக் கட்டடங்கள் நம் ஊர்களில் உறுதியாக நிற்கின்றன.

‘இடி’ என்று யார் சொன்னாலும் நிர்வாகம் பயந்துபோய்ப் பழுது பார்ப்பதையும் சேர்த்தே தள்ளிப்போடும். அதனால் அந்த வார்த்தையை நீங்கள் எடுக்காதீர்கள். சோதிக்கச் சொல்லுங்கள். முழு விடுதியையும் இன்றே மூடச் சொல்லும் அளவுக்கு உங்கள் படங்களில் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் பாளம் விழுந்த அறை, அதற்கு இரண்டு பக்கத்து அறைகள், இரண்டாம் மாடிக் கழிவறைகளுக்கு நேர் கீழே இருக்கும் அறைகள் எல்லாவற்றிலிருந்தும் பையன்களை உடனே மாற்றுங்கள். கழிவறைக்குக் கீழே என்று ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அங்கே தளத்தைப் பள்ளமாக இறக்கி நிரப்பியிருப்பார்கள். குழாய் கசிந்தால் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் வருடக்கணக்கில் தேங்கி நிற்கும். உங்கள் முதல் படத்தில் மூலையில் தெரியும் மஞ்சள் கறை எனக்கு அதைத்தான் சொல்கிறது.

என்ன சோதனை கேட்க வேண்டும்

நல்ல பொறியாளர் முதலில் கட்டடம் முழுக்க நடந்து பார்ப்பார். சுத்தியால் கூரையைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடத்தில் ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்கும், பிரிந்த இடத்தில் பானையைத் தட்டினது போலப் பொக்காகக் கேட்கும். பொக்கான இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்வார். இதற்கே ஒரு நாள் போய்விடும். அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டவர் இதைச் செய்திருக்க முடியாது.

அதன்பின் நீங்கள் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியவை இவை:

1. கோர் எடுத்தல். கான்கிரீட்டில் உருளையாகத் துளைத்து எடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். ஒரு பகுதிக்கு மூன்று மாதிரிக்குக் குறையக் கூடாது. சராசரி, எதிர்பார்த்த வலிமையில் 85 சதவீதமும், தனித்தனியாக ஒவ்வொன்றும் 75 சதவீதமும் வர வேண்டும். ஹாமர் சொன்ன எம் 25 உண்மையா என்று இதுதான் சொல்லும்.

2. எடுத்த கோரின் மேல் பீனால்ப்தலின் தெளிப்பது. காரம் உள்ள இடம் ரோஸ் நிறமாகும், போய்விட்ட இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத பகுதி கம்பியைத் தொட்டுவிட்டதா என்று நீங்களே கண்ணால் பார்க்கலாம். செலவு மிகக் குறைவு.

3. உப்பு அளவு. கவர் ஆழத்திலிருந்து பொடி எடுத்து குளோரைடு பார்ப்பது. கடலோரத்தில் இதை விட்டுவிட்டால் பழுதுபார்ப்பு முறையையே தவறாகத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

4. ஹாஃப் செல் சோதனை. தெரியாத இடத்தில் கம்பி துருப்பிடிக்கிறதா என்பதை மின்னழுத்தத்தால் அறிவது. மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு.

மெஸ் பீமுக்கு அல்ட்ராசோனிக் சோதனையும், உள்ளே வளையக் கம்பி எத்தனை இடைவெளியில் இருக்கிறது என்று காட்டும் ஸ்கேனும் வேண்டும். வெட்டுவிசையைத் தாங்குவது அந்த வளையங்கள்தான். அரசு பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறை, திருச்சி என்ஐடி, அண்ணா பல்கலைக்கழகம், சென்னை ஐஐடி, தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் ஆகிய இடங்களில் இதற்கான ஆட்களும் கருவிகளும் உண்டு. நிர்வாகத்தோடு முன்பழக்கம் இல்லாதவர் வருவது எல்லாருக்கும் நல்லது. அறிக்கையில் எந்த அறை, எந்த பீம், எந்த அளவு என்று வரைபடத்தோடு இருக்க வேண்டும். உடனே செய்ய வேண்டியது, மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டியது, கண்காணித்தால் போதுமானது என்று பிரித்தும் கேளுங்கள். ‘பொதுவாக நன்றாக உள்ளது’ என்ற வாக்கியத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

மொட்டை மாடியையும் விடாதீர்கள். போன வருடம் ஒழுகுகிறது என்று பழைய தட்டோட்டை எடுக்காமலே, அதன் மேல் இன்னொரு தடவை ஜல்லி போட்டு ஓடு பதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது அடுக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்குக் குறையாது. ஆட்கள் ஏறும் மொட்டை மாடிக்கு வெளிச்சுமை என்று விதிநூல் ஒதுக்குவதே அந்த 150 கிலோதான். ஆக, அந்த ஒதுக்கீடு முழுவதையும் ஓடே எடுத்துக்கொண்டது. அதற்கு மேல் புதிதாக வைத்த இரண்டு 5,000 லிட்டர் தொட்டிகள், நிறைந்திருக்கும்போது தண்ணீர் மட்டும் பத்து டன். தொட்டிக் கட்டை தூணுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறதா, தளத்தின் நடுவிலா என்று பாருங்கள். நடுவில் என்றால் பொறியாளர் வரும்வரை பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

கைப்பிடிச் சுவர், சன்ஷேடு, காம்பவுண்டுச் சுவர் எல்லாவற்றையும் அந்தச் சுற்றிலேயே பார்க்கச் சொல்லுங்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் மூன்று மாணவர்கள் இறந்தது வகுப்பறை இடிந்து அல்ல, கழிப்பறையின் சுவர் விழுந்து. அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்து, பழுதானவற்றை இடிக்க அரசு உத்தரவிட்டது. யாரும் பெரிதாக எண்ணாத சின்னச் சுவர்தான் அன்று விழுந்தது.

பழுது பார்ப்பது எப்படி இருக்க வேண்டும்

முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். மேலே கழிவறை கசிந்துகொண்டிருக்கும்போது கீழே எதைப் பூசினாலும் வீண். அப்புறம் முட்டுக் கொடுத்து, பொக்கான கான்கிரீட்டை முழுவதும் உடைத்தெடுக்க வேண்டும். கம்பியின் பின்னாலும் விரல் நுழையும் அளவுக்கு, அதாவது 20 முதல் 25 மி.மீ. வரை, இடம் விட்டு உடைக்க வேண்டும். கம்பியை வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடிக்க வேண்டும். மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி, போதிய நீளம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கட்ட வேண்டும். பிறகு பிணைப்புப் பூச்சு, பாலிமர் கலந்த மார்ட்டர், ஈரம் காயாமல் க்யூரிங். ஆழம் அதிகம் என்றால் மைக்ரோ கான்கிரீட், அதாவது பொடி ஜல்லி கலந்து தானே பாய்ந்து நிரம்பும் கான்கிரீட். உப்பு உள்ளே இருக்கிறது என்று சோதனை சொன்னால், ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்திலேயே புதிதாகத் துரு தொடங்கும். அங்கே உடைக்கும் பரப்பைப் பெரிதாக்க வேண்டும், அல்லது கம்பிக்குப் பதிலாகத் தானே அரிந்துபோகும் துத்தநாகத் துண்டை, அதாவது ஆனோடை, வைக்க வேண்டும்.

இந்த வேலை நடக்கும் பகுதியில் மாணவர்கள் தங்கக் கூடாது. ஒரு பகுதியைக் காலி செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம், மிச்சத்தைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முட்டுக் கொடுப்பதும், பொக்கான பாளங்களைத் தட்டி இறக்குவதும், கசிவை அடைப்பதும் ஐப்பசி மழைக்கு முன்பே முடிய வேண்டும். நனைந்த தளம் கனம் கூடும், ஈரத்தில் துருவும் வேகமெடுக்கும்.

கையெழுத்தும் புகாரும்

அவர்கள் எழுதித் தந்த வாசகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டடம் தங்கத் தகுந்தது என்று சொல்ல உங்களுக்குத் தகுதி இல்லை, நீங்கள் கட்டடப் பொறியியல் படித்தவர் இல்லை. இதை முதல்வரிடம் நேராகச் சொல்லலாம், அவர் தவறாக எடுத்துக்கொள்ள இடமில்லை. மறுத்துவிட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதிக் கையெழுத்திடுங்கள். கிட்டத்தட்ட இப்படி:

‘இன்ன தேதி இரவு எட்டு மணிக்கு இன்ன எண் அறையில் கூரைக் கான்கிரீட் பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. இன்ன தேதியில் அந்த இடம் பூசப்பட்டது. கம்பிக்கு எந்தச் சிகிச்சையும் செய்ததை நான் பார்க்கவில்லை. மெஸ் ஹால் பீமில் தூணருகே சாய்ந்த விரிசல் உள்ளது. கட்டமைப்புப் பொறியாளரின் சோதனை அறிக்கை வரும்வரை கீழ்க்கண்ட அறைகளில் மாணவர்களைத் தங்க வைக்காமல் இருக்க அனுமதி கோருகிறேன்.’

படங்களை இணைத்து, முதல்வருக்கும் செயலாளருக்கும் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். இதில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் படித்த பிறகு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று யாரும் சொல்ல முடியாது.

பெயரில்லாத மனுவை நான் விரும்பவில்லை. பெரும்பாலும் அது கோப்பில் தூங்கும், சந்தேகம் எப்படியும் உங்கள் மேல்தான் வரும். இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றால், அதே கடிதத்தைக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கும் வட்டாட்சியருக்கும் அனுப்புங்கள். கல்லூரி, விடுதி போன்றவை 1965ஆம் ஆண்டு தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டத்தின் கீழ் வருகின்றன. உரிமக் கோப்பு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும். அதில் உள்ள கட்டட உறுதிச் சான்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்கலாம், ஒரு பெற்றோர் கேட்டால் இன்னும் நல்லது. உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் முப்பது நாள் காத்திருக்க வேண்டியதில்லை, 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. விழும் நிலையில் உள்ள கட்டடத்தைச் சரிசெய்ய, முட்டுக் கொடுக்க, அல்லது அகற்ற உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு, அதாவது கோட்டாட்சியர் நிலையில். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது, இப்போது புதிய சட்டத்தில் 152.

வேலை போய்விடுமோ என்ற உங்கள் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. வீட்டுக் கடனைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். உதவி பெறும் தனியார் கல்லூரியின் நிரந்தர ஆசிரியரை, 1976ஆம் ஆண்டு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, உரிய அதிகாரியின் முன் ஒப்புதல் இல்லாமல் வேலைநீக்கம் செய்ய முடியாது. உங்களுடையது சிறுபான்மைக் கல்லூரி என்றாலோ, உங்கள் பணி சுயநிதிப் பிரிவில் என்றாலோ நிலைமை மாறும். அதைப் பணிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பொறியாளர், அவ்வளவு தூரம் சொல்லக்கூடாது. மறுபக்கத்தையும் பாருங்கள். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு இப்போதைய சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை. தெரிந்தும் ‘தங்கத் தகுந்தது’ என்று கையெழுத்திட்டவரின் பெயர் அந்த வழக்கில் எங்கே வரும் என்று யோசியுங்கள்.

வீடியோ எடுத்த மாணவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவன் செய்தது தவறில்லை என்று உங்கள் வாயால் அவன் கேட்க வேண்டும். ஒவ்வொரு அறையிலும் விரிசல், கறை, புடைப்பு எதைப் பார்த்தாலும் எழுத ஒரு நோட்டுப் புத்தகத்தை வராந்தாவில் தொங்கவிட்டு, அந்தப் பையனையே பொறுப்பாக வையுங்கள். பென்சிலால் விரிசலின் இரண்டு முனைகளிலும் கோடு போட்டுத் தேதி எழுதட்டும். கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டால், யாரையும் கேட்காமல் அந்த அறையைக் காலி செய்யும் உரிமையை முதல்வரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு படங்களிலும் அந்த மெஸ் பீம் இல்லை. மேலே உள்ள கட்டுகளை இறக்கிய பிறகு, விரிசலுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, தூணும் சேர்ந்து தெரியும்படி, பீமின் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். பூச்சை ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மெதுவாக எடுத்துவிட்டு, உள்ளே கான்கிரீட்டிலும் விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் படத்துக்காகக் காத்திருக்காமல் அன்று மதியச் சாப்பாட்டையே வெளியே மரத்தடிக்கு மாற்றிவிட்டு, எனக்குத் தகவல் சொல்லுங்கள்.